வெறும் வயிற்றில் பஞ்சாமிர்தம்

கொடைக்கானலில் உள்ள ஒரு சிறிய குருதிச் சோதனைக்கூடத்தின் மீது என் தம்பி இரண்டு ஆண்டுகளாக ஒரு பழியைச் சுமத்தி வருகிறான். திருமணப் பந்தியிலும் பூண்டு மண்டியிலும் பேருந்தில் பக்கத்து இருக்கையிலும், எங்குக் காது கிடைத்தாலும் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவான். அங்குள்ள எந்திரம் கோளாறானதாம். ஒரே ஆளின் குருதியை முதல்நாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் காட்டியதாம். கேட்பவர்கள் வியந்து தலையசைப்பார்கள். அருகில் நானும் அமர்ந்திருப்பேன். இலையிலுள்ள அப்பளத்தை உடைப்பதில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்துவேன்.

அந்த எந்திரம் குற்றமற்றது. குற்றம் என்னுடையது. இதனை அறிந்தோர் மூவர்: நான், என் தம்பியின் மகள், ஒரு தோல் மருத்துவர். எனக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. நான் எழுதிவைக்காமல் போனால், உண்மை பேசிய ஓர் எந்திரத்தின் மேல் பொய்ப்பழி நிலைத்துவிடும். நாற்பது ஆண்டுகள் பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்த கை, தன் பிழையை ஒருமுறையாவது சுழிக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆகவே எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். மணம் செய்துகொள்ளவில்லை; தம்பி வீடே என் வீடு. கொடைக்கானலிலிருந்து கிளாவரைக்குச் செல்லும் பேருந்து நின்று போகும் மேல்மலை ஊர்களுள் ஒன்று எங்களுடையது. தம்பிக்குப் பூண்டும் கேரட்டும் விளைகின்றன. மஞ்சள் முள்ளங்கி என்று எழுதவே எனக்கு விருப்பம்; ஆனால் விளைவிக்கிறவனுக்கே அது புரியாது என்பதால் கேரட் என்றே எழுதுகிறேன். அவனுக்கு ஒரே மகள். இது நடந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

பதினைந்தாம் வயதில் அவள் முகத்தில் பருக்கள் தோன்றின. எல்லோருக்கும் வந்து போகிற பருக்கள் அல்ல. கொண்டைக்கடலை அளவில் சிவந்து புடைத்து, தலையணையில் கன்னம் வைக்க முடியாதபடி வலித்து, ஆறும்போது குழி பறித்துவிட்டுப் போகிற பருக்கள். அவள் மப்ளரைக் கண்ணுக்குக் கீழ்வரை சுற்றிக்கொள்ளத் தொடங்கினாள். எங்கள் மலையில் இதில் ஒரு வசதி உண்டு: குளிருக்கு முகத்தை மூடுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அவளுக்கு மதுரையில் கல்லூரி படிக்க ஆசை. மதுரையில் சூன் மாதத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வகுப்பில் உட்கார முடியாது. இதை அவளே ஒருநாள் அடுக்களையில் அறிவித்தாள்: இந்த முகத்தோடு மதுரைக்குப் போவதில்லை, இங்கேயே பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் அழவில்லை. களைக்கொத்து எங்கே இருக்கிறது என்று தன் தாயிடம் கேட்டாள். அதுதான் எங்களை அச்சுறுத்தியது.

வைத்தியத்தை முதலில் தொடங்கியவன் என் தம்பி. மலைப்பூண்டு தீர்க்காத நோய் இல்லை என்பது அவன் கொள்கை. அதை விற்கிறவனுக்கு வேறு கொள்கை இருக்கவும் முடியாது. பச்சைப் பூண்டை அரைத்து மகளின் கன்னத்தில் அப்பினான். கால்மணி நேரத்தில் அவள் போட்ட கூச்சலில் மாட்டுக்கொட்டகையில் கன்றுகள் எழுந்து நின்றன. பரு அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல் வெந்துபோயிற்று. அதன்பின் தம்பி என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, எனக்குக் காட்டுல சோலி கெடக்கு. நீயே நல்ல டாக்டராப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

மதுரையிலிருந்து ஒரு பெண் தோல் மருத்துவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை கொடைக்கானலுக்கு வந்து, ஞாயிறு நண்பகலில் மலையிறங்குவார். நவம்பரில் மூவரும் போனோம். சோலி கிடந்த தம்பியும் கடைசி நிமிடத்தில் பேருந்தில் ஏறிவிட்டான்.

மருத்துவர் இளையவர். விளக்கொளியில் கன்னங்களைப் பார்த்தார். பூண்டுத் தழும்பை மட்டும் இரண்டுமுறை பார்த்தார். தம்பி ஒருமுறை இருமினான். களிம்புகளும் வழக்கமான மாத்திரைகளும் இதற்குப் போதா என்றார். வலிமையான குளிகை ஒன்று இருக்கிறது; ஏறத்தாழ ஆறு மாதம் தொடர்ந்து உண்ண வேண்டும்; உதடு வெடிக்கும், தோல் வறளும்; மனம் சோர்ந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஈரலும் குருதிக்கொழுப்பும் சரியாக இருந்தால்தான் தொடங்க முடியும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பின்பு, இந்த மருந்து உடம்பில் இருக்கும் காலத்தில் கருவுற்றால் குழந்தைக்குப் பெருங்கேடு நேரும் என்பதால், வயதும் மணமும் பாராமல் எல்லாப் பெண்களிடமும் இதைச் சொல்லிக் கையொப்பம் வாங்குவது முறை என்றார். அந்த நொடியில் என் தம்பிக்குச் சுவரில் மாட்டியிருந்த தோலடுக்குப் படத்தின்மேல் பெரும் ஆர்வம் பிறந்தது. எழுந்து போய் வியர்வைச் சுரப்பிகளை ஆராயலானான்.

"அப்பா, வந்து கையெழுத்துப் போடுங்க," என்றாள் மகள். "செவரு எங்கயும் போயிராது."

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. திசம்பர் முதல் சனிக்கிழமை குருதி கொடுத்து அன்றே தொடங்கினால், ஆறு மாதம் முடியும்போது கல்லூரி திறக்கும். வீட்டில் மாட்டியிருந்த, சூனில் தொடங்கி மேயில் முடியும் பள்ளி நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்தின் கீழும் பென்சிலால் ஒரு முகம் வரைந்தாள். திசம்பர் முகத்தில் நிறையப் புள்ளிகள். மாதந்தோறும் குறைந்து வந்தன. அடுத்த சூனுக்கு அதில் தாள் இல்லை. எனவே அதைச் சுவரிலேயே புள்ளியின்றி வரைந்தாள். கணக்கில் ஒரு மாதம்கூட உபரி இல்லை.

முன்னேற்பாடுகளை நான் ஏற்றுக்கொண்டேன். மருத்துவர் தந்த அச்சிட்ட அட்டையைத் தமிழில் பெயர்த்து அடுக்களைக் கதவில் ஒட்டினேன். தனியாக உயிர்ச்சத்து 'ஏ' மாத்திரை உண்ணலாகாது என்றுதான் அதில் இருந்தது. கேரட்டில் அந்தச் சத்து உண்டென்று படித்த நினைவில் கேரட்டும் விலக்கு என்று நானாக ஒரு வரியைச் சேர்த்தேன். கேரட் வயலுக்கு நடுவே இருக்கும் வீட்டில் ஒரு மாதம் கேரட் சமைக்கவில்லை. தம்பி அதைத் தன் நிலத்துக்கு நேர்ந்த இழிவாக எடுத்துக்கொண்டான். உறைபனிக் காலத்துக்கென உதட்டுக் களிம்பு ஆறு டப்பிகள் வாங்கிவைத்தேன். அட்டையின் கடைசி வரி சோதனைக்குரியது: முன்னதாகப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உண்ணக்கூடாது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டவளும் நானே.

இனி, எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்தை வாயிலிடாமல் நாங்கள் எந்த நற்செயலையும் தொடங்குவதில்லை. பூண்டு ஊன்றுவதானாலும் தேர்வெழுதுவதானாலும் முதலில் அதுதான். கிருத்திகைதோறும் நான் நோன்பிருக்கிறேன். அன்று சோறு தொடமாட்டேன். ஆனால் முருகனுக்குப் படைத்த பஞ்சாமிர்தமும் பாலும் நோன்பை முறிப்பதாக எங்கள் வீட்டில் எவரும் கருதியதில்லை. படைத்தது உணவு அன்று, அருள்.

திசம்பரில் அந்தச் சனிக்கிழமை, விடியுமுன் புறப்படும் பேருந்துக்கு நானும் அவளும் ஆயத்தமானோம். தம்பி கேரட் மூட்டைகளோடு லாரியில் பின்னால் வருவதாக ஏற்பாடு. நான் விளக்கேற்றி, பாலும் பஞ்சாமிர்தமும் படைத்து, அவளை வாய் திறக்கச் சொன்னேன்.

"அத்தை, வெறும் வயித்தோட வரணும்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கீங்க."

நான் விளக்கம் தந்தேன். சற்று நீண்ட விளக்கம். கிருத்திகை நோன்பின் இயல்பு, படையலுக்கும் உணவுக்கும் உள்ள வேற்றுமை, ஆறு மாத காலச் செயலொன்றை அருளின்றித் தொடங்குவதன் பொருந்தாமை ஆகியவற்றை எடுத்துரைத்தேன். சோதனைக்கூடத்தார் முருகனைவிடப் பெரியவர்களா என்றும் முடிவில் கேட்டேன். பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி, அதன்மேல் ஒரு குவளைப் பால். அது குழம்புக் கரண்டி என்பதை நான் மறுக்கவில்லை. இருளில் கைக்கு அகப்பட்டது அதுதான். வளைவுகளில் பேருந்து சுழன்றபோது அவள் முகம் வெளிறியது. கையோடு கொண்டுவந்திருந்த பஞ்சாமிர்தச் சம்புடத்திலிருந்து, அதே கரண்டியால், இரண்டாம் கரண்டி கொடுத்தேன். மூன்றாவதாக ஒன்று சோதனைக்கூட வாசலில் கொடுத்ததாக அவள் சாதிக்கிறாள். எனக்கு அப்படி நினைவில்லை.

குருதி எடுக்கும் இளைஞர், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்றேன், முழு மனச்சான்றோடு. மப்ளருக்கு மேலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவர் அறையில் மூவரும் அமர்ந்தோம். ஈரல் நன்றாக இருந்தது. மருத்துவர் தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். கொழுப்பு மிகவும் கூடியிருக்கிறது, சர்க்கரையும் எல்லை தாண்டி நிற்கிறது என்றார். இந்த நிலையில் மருந்தைத் தொடங்குவது முறையன்று; நெய்யும் இனிப்பும் குறைத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

அந்த அறையில் அவள் மப்ளரைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள். இப்போது அதைக் கண்வரை ஏற்றிச் சுற்றிக்கொண்டாள். சுவரில் வரைந்த புள்ளியில்லாத முகம் என் நினைவுக்கு வந்தது.

தம்பி எழுந்துவிட்டான். "அந்த மிஷினு சரியில்ல டாக்டரம்மா. எம்புள்ள ரசஞ்சோறும் கீரையும் திங்கிறவ. அவ ரத்தத்துல எப்படி நெய் வரும்? நான் போயிக் கேட்டுட்டு வாரேன்." மருத்துவர் தடுப்பதற்குள் அவன் வெளியேறிவிட்டான். சோதனைக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது.

நாங்கள் இருவரும் வெளியே பலகையில் அமர்ந்தோம். பிறகு மப்ளருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சாமிக்குப் படைச்சது கணக்குல வராதுன்னீங்க. மிஷினுக்கு அது தெரியாமப் போச்சு போல."

நான் தரையின் ஓடுகளை எண்ணினேன்.

"நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்கதான் சொல்லணும். நாளைக்கு மத்தியானம் அவங்க கெளம்பிருவாங்க."

இதனை ஒரு கடிதமாக எழுதித் தரலாமா என்று கேட்டேன். நேரில் சொல்வதைவிட எழுத்தில் தெளிவு கூடும் என்பது என் துறைசார்ந்த கருத்து.

"எங்க தப்புக்கெல்லாம் கடுதாசியா வாங்குனீங்க? பெஞ்சு மேலதான ஏத்துனீங்க. வெரசாப் போங்க."

அவளுக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் கற்பித்தவள் நான். அவளை ஏற்றியதுண்டு. எழுந்தேன். அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் அமராமல் நின்றபடி, இன்று விடியற்காலையில் என் பொறுப்பில் நேர்ந்த பிறழ்ச்சி ஒன்றனைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன் என்று தொடங்கினேன். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

உணவு ஏதுமில்லை, அருட்படையல் மட்டுமே என்றேன்.

"என்ன படையல்?"

"பழனிப் பஞ்சாமிர்தம்."

"எவ்வளவு?"

"இரு கரண்டி."

கதவுத் திரை விலகியது. மப்ளர் சுற்றிய தலை ஒன்று உள்ளே நீண்டது. "மூணு, டாக்டர். கொழம்புக் கரண்டி. அதுபோக ஒரு டம்ளர் பாலு."

மருத்துவர் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காப்பி மட்டும்தான் குடிச்சேன், காப்பி சாப்பாடாங்கன்னு கேக்குறவங்க மாசம் ஒருத்தர் வருவாங்க. சாமியச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தது நீங்கதாம்மா மொதல்ல."

நாளைக் காலை மீண்டும் குருதி கொடுங்கள், நான் புறப்படுமுன் முடிவைப் பார்த்துவிடுகிறேன் என்றார். தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது, முருகனே நேரில் வந்து ஊட்டினாலும் கூடாது என்றார். இதைச் சிறுமியின் தந்தையிடம் சொல்ல வேண்டுமா என்று என்னைக் கேட்டார். "வேணாம் டாக்டர், எங்களுக்குள்ளயே இருக்கட்டும்," என்று அவள் முந்திக்கொண்டாள். அதை நான் இரக்கம் என்று எண்ணினேன். அடுத்த ஆறு மாதங்களில், நான் அவளுடைய பேச்சைத் திருத்த வாய் திறந்தபோதெல்லாம் அவள் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினாள். நான் வாயை மூடினேன். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் ஆங்கிலச் சொற்கள் தங்கு தடையின்றி உலவின.

தம்பி திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. சோதனைக்கூடத்தில் தெருவே கேட்கும்படி பேசிவிட்டு வந்திருந்தான். மறுசோதனை என்றதும் நிமிர்ந்தான்.

"பாத்தியா அக்கா? ஒத்துக்கிட்டாய்ங்க பாரு."

அவனுடைய கதை பிறந்தது அந்த இடத்தில்தான். மறுத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினோம். ஏழு மணிக்குள் உணவை முடித்துக்கொண்டாள். பஞ்சாமிர்த டப்பாவை அவளே எடுத்து எங்கோ வைத்தாள். எங்கே என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கழுவாயாக நானும் அவளோடு ஒன்றும் உண்ணாதிருந்தேன். மறுநாள் வெள்ளனவே மீண்டும் அதே பேருந்து. பக்கத்து இருக்கைப் பெண்மணி அவித்த நிலக்கடலையை நீட்டினார். இருவரும் வேண்டாம் என்றோம். அதன் ஆவி மட்டும் மன்னவனூர் தாண்டியும் எங்களோடு வந்தது. நகருக்குள் நுழையும்போது எனக்குக் கண் இருண்டது. ஒரு வாய்த் தேநீர் குடிக்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். ஊசி குத்தி முடிக்கட்டும், அதுவரை மூச்சு விடாதீர்கள் என்று கட்டளை வந்தது.

சோதனைக்கூட இளைஞர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவே தயங்கினார். நான் முந்திக்கொண்டு, ஒன்றுமில்லை, படையல் உட்பட, என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஊசியை எடுத்தவர், அவளை நோக்கித் தாழ்வாகச் சொன்னார்: "நேத்து எங்க பக்கம் ஏதோ தப்பாயிருச்சு போலங்க. மன்னிச்சுக்கங்க."

அந்த மன்னிப்பு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும், தம்பியின் பழியைவிட, அந்தச் சொல்தான்.

பதினொரு மணிக்கு முடிவு வந்தது. கொழுப்பும் சர்க்கரையும் இருக்க வேண்டிய இடத்தில் அடக்கமாக இருந்தன. மருத்துவர் கையெழுத்திட்டு, குளிகை அட்டையை அவள் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, முறுவலை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு கவனிச்சுக்கங்கம்மா. இத வெறும் வயித்துல போடக் கூடாது. கொழுப்புள்ள சாப்பாட்டோட போட்டாத்தான் உடம்புல நல்லாச் சேரும். நெய், பாலு, அந்த மாதிரி."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் அந்த அறையிலேயே சிரித்திருப்போம்.

வெளியே படியில் உட்கார்ந்து, முதலில் கடையில் வாங்கிய இட்டிலியை உண்டோம். பிறகு அவள் தன் பள்ளிப்பையைத் திறந்தாள். உள்ளே பஞ்சாமிர்த டப்பா. பக்கத்தில் குழம்புக் கரண்டி. இரண்டையும் வீட்டிலிருந்து அவளே சுமந்து வந்திருந்தாள். முதல் கரண்டியை என் வாயருகே நீட்டினாள்.

"இப்பக் கணக்குல வரும்ல அத்தை?"

வரும் என்றேன். அடுத்த கரண்டியோடு அவள் குளிகையை விழுங்கினாள். மப்ளர் அவள் மடியில் கிடந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அதை எடுக்க மறந்திருந்தாள்.

முதல் மாதம் முகம் முன்னைவிட மோசமாயிற்று. உறைபனியில் உதடு பிளந்து ஆறு டப்பிக் களிம்பும் தீர்ந்தது. மாதந்தோறும் குருதி கொடுத்தோம். நான்காம் மாதம் நாட்காட்டி முகத்தைவிட அவள் முகம் தெளிவாக இருந்தது. குழிகள் சில தங்கிவிட்டன. தம்பியின் பூண்டுத் தழும்பும் வெளிறிய நிலையில் உண்டு. கேரட்டுக்குத் தடையே இல்லை என்று மருத்துவர் சொன்னபோது தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது. சூனில் அவள் மதுரைக்குப் போனாள். பேருந்துப் படியில் நின்று மப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டாள். இதை எழுதும்போதும் சுற்றியிருக்கிறேன்.

இந்த விடுமுறையில் அவளிடம் கையெழுத்துப் படியைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, என் சிவப்பு எழுதுகோலையே கேட்டு வாங்கி, 'இரு கரண்டி' என்ற இடத்தைச் சுழித்து ஓரத்தில் 'மூணு' என்று எழுதினாள். அப்பாவிடம் கொடுக்கலாமா என்றேன். கொடுங்கள், இனிமேல் உங்களை மிரட்ட எனக்கு வேறு வழி தெரியும் என்றாள்.

மருத்துவச் செய்திகளில் நான் தவறியிருக்கலாம், அறிந்தோர் திருத்துக. என் எழுத்தை நம்பி எவரும் எந்த மருந்தையும் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டா. அந்தச் சோதனைக்கூட இளைஞர் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று தாம் சொன்ன மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, என்னுடையதை ஏற்க வேண்டுகிறேன். எஞ்சியிருப்பது ஒரே ஐயம். திசம்பர் முதல் சனிக்கிழமைக் காலையில் அந்த வாசலில் நின்றிருந்தோர் எவரேனும், கையில் குழம்புக் கரண்டியோடு ஒரு முதியவளைக் கண்டிருந்தால், அருள்கூர்ந்து தெரிவிக்கவும். கண்டது மெய்யானால் அடுத்த கையெழுத்துப் படியில் கரண்டியின் எண்ணிக்கையைத் திருத்திவிடுகிறேன்.